நிலமானிய வரிகளும் பெயர்களும்: இடைக்கால ஐரோப்பா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்பக்கத்தில் பெரும்பாலும் பிரான்சையும் இங்கிலாந்தையும், சில இடங்களில் ஜெர்மானிய நாடுகளையும் பற்றிப் பேசுகிறோம். வரிகளின் வரலாற்றைத் தொகைகளிலிருந்து மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். ஒரு வரியை முதன்முதலில் எந்த முகத்தோடு கேட்டார்கள், யாருடைய வாயில் அது பெயர் பெற்றது என்பதை அதன் சொற்பிறப்புதான் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு விடையிலும் பணத்தோடு பெயரையும் சேர்த்தே பார்க்கிறோம்.

இவை அனைத்தையும் 'வரி' என்று சொல்வது சரியா?

முழுக்கச் சரியன்று. இடைக்காலக் குடியானவர் மூன்று கைகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. நிலப்பிரபு, தம் நிலத்தில் அவர் வாழ்வதற்காகவும் தம் அதிகாரத்துக்கு உட்பட்டிருப்பதற்காகவும் வாங்கினார். திருச்சபை விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு எடுத்தது. அரசர் தொடக்கத்தில் போர் வந்தபோது மட்டும் கேட்டுப் பின்னர் ஆண்டுதோறும் கேட்கலானார். முதல் வகை ஒருபுறம் வாடகையாகவும் மறுபுறம் அடிமைத்தனத்தின் அடையாளமாகவும் இருந்தது. இன்றைய பொருளில் வரி என்று சொல்லத் தக்கது மூன்றாவதுதான். ஆனால் கொடுத்தவருக்கு மூன்றும் ஒரே களத்து நெல்லைப் போல ஒரே விளைச்சலிலிருந்துதான் போயின. ஒரு கை தொடங்கிய வரியை இன்னொரு கை எடுத்துக்கொண்டதும் உண்டு. எனவே இங்கே மூன்றையும் சேர்த்தே எழுதுகிறோம்.

பிரெஞ்சு வரிகளில் அதிகம் பேசப்படும் 'டாய்' என்பதன் பொருள் என்ன?

வெட்டு என்பதே பொருள். வெட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் இது. அதற்கும் அடியில் குச்சியை, வெட்டிய கிளையைக் குறிக்கும் 'தாலியா' என்ற இலத்தீன் சொல் இருக்கிறது. துணி வெட்டித் தைப்பவரைக் குறிக்கும் 'டெய்லர்' என்ற சொல்லும், கணக்குக் குச்சியைக் குறிக்கும் 'டேலி' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தவை. இதே வரி இங்கிலாந்தில் 'டாலேஜ்' எனப்பட்டது.

கணக்குக் குச்சியைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். எழுத்தறியாதவரும் ஏமாறாதபடி அமைந்த கருவி அது. இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் இயங்கிய முறையை 1170களின் இறுதியில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கையின் அகலத்துக்கு வெட்டுவார்கள். நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். இருபது பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் பருமன். ஒரு பென்னிக்கு மரத்துண்டு எதுவும் பெயராமல் ஒரே ஒரு கீறல். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவர் ஒரு பாதியையும் வாங்கியவர் மறுபாதியையும் வைத்துக்கொள்வார்கள். சண்டை வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்தால் போதும், ஒரு தரப்பு மட்டும் தனியாக ஒரு கீறலைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இம்முறை வழக்கொழிந்த பின், சேர்ந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபரில் அடுப்பிலிட்டு எரித்தபோது மூண்ட தீயில்தான் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் அழிந்தது.

நிலப்பிரபுவின் 'டாய்' தொடக்கத்தில் அளவற்றது. 'பிரபுவின் தயவுக்கேற்ப' என்ற தொடர் ஆவணங்களில் வருகிறது. அவர் விரும்பும்போது விரும்பும் அளவு வாங்கலாம் என்பதே அதன் நடைமுறைப் பொருள். குடிகள் போராடியும் பணம் கொடுத்தும் அதை நிலையான தொகையாக மாற்றிக்கொண்ட ஊர்கள் பல. பின்னர், நூறாண்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், 1439ஆம் ஆண்டு ஆணையின் மூலம் பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸ் நிலப்பிரபுக்கள் தம் விருப்பப்படி இதை வாங்குவதைத் தடுத்து, அரசுக்குரிய வரியாக எடுத்துக்கொண்டார். நிலைப்படைக்குச் சம்பளம் கொடுக்க அது ஆண்டு வரியாயிற்று. வாளால் தொண்டு செய்பவர்கள் பிரபுக்கள், வழிபாட்டால் தொண்டு செய்பவர்கள் குருமார்கள் என்று சொல்லி அவ்விரு பிரிவினருக்கும் விலக்கு அளித்தார்கள். நில உடைமை யாரிடம் குவிந்திருந்ததோ அவர்களே கொடுக்க வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாடு 1789இன் பிரெஞ்சுப் புரட்சி வரை நீடித்தது.

பல வரிகளின் பெயர்கள் 'வேண்டுகோள்', 'உதவி' என்று பொருள்படுவது ஏன்?

இடைக்கால வரிகளைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளில் இதுவே தலையாயது என்று கருதுகிறேன். குடியானவர் கூலியின்றிச் செய்ய வேண்டிய உழைப்பைப் பிரெஞ்சில் 'கொர்வே' என்றார்கள். இதன் மூலம் 'கொர்ரோகாதா' என்ற பிற்கால இலத்தீன் சொல். 'கூடி வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்ட வேலை' என்பது பொருள். ஜெர்மானிய நாடுகளில் 12ஆம் நூற்றாண்டு முதல் பிரபுக்கள் வாங்கிய வரியின் பெயர் 'பேடெ'. அதுவும் வேண்டுதலைக் குறிப்பதே. இன்று ஜெர்மன் மொழியில் வரிக்குப் பொதுப்பெயராக இருக்கும் 'ஷ்டாயர்' என்பதன் பழம்பொருள் முட்டுக்கொடுத்தல், தாங்குதல். அரசருக்குச் செலுத்தப்பட்டவை இங்கிலாந்தில் 'எய்ட்' என்றும் பிரான்சில் 'எட்' என்றும் வழங்கின. இரண்டுக்கும் உதவி என்றே பொருள். 1475இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டு செல்வர்களிடம் திரட்டியதற்கு 'நல்லெண்ணக் கொடை' என்று பெயர். அது தாங்க முடியாத சுமையானதால் 1484இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி நிறுத்தியது.

பழைய ஜெர்மானிய, பிராங்கிய மரபில் சுதந்திர மனிதன் தன் தலைவனுக்கு வரி கட்டுவது இழிவு. ஆனால் தலைவன் இக்கட்டில் இருக்கும்போது கேட்டால் கொடுப்பது பெருமை. எனவே கேட்பவர் வேண்டுகோளாகவே கேட்க வேண்டியிருந்தது. ஒருமுறை கொடுத்தது மறுமுறை முன்னுதாரணமாகும். மூன்றாம் முறை அது வழக்கம். வழக்கம் இடைக்கால நீதிமன்றத்தில் சட்டத்துக்கு நிகர். சுங்கத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'கஸ்டம்ஸ்', அதாவது வழக்கங்கள், என்ற பெயர் நிலைத்திருப்பது இந்தப் பாதையின் கடைசிப் படியைக் காட்டுகிறது.

வேண்டுகோளின் தொடக்கத் தடயம் இங்கிலாந்தின் அறுவடை நாட்களில் தெரிகிறது. வாரந்தோறும் குறித்த நாட்களில் செய்யும் கட்டாய வேலை ஒருபுறமிருக்க, அறுவடை நெருக்கத்தில் பிரபு கூடுதலாகக் கேட்கும் வேலைக்கு 'பெட்ரிப்' என்று பெயர். 'கேட்டுச் செய்யும் அறுப்பு' என்று அதைப் பிரித்துச் சொல்லலாம். கேட்டு வரவழைத்ததால் சோறு போட வேண்டியது பிரபுவின் கடமை. பண்ணைக் கணக்குகள் மூன்று வகையைப் பிரித்துக் காட்டுகின்றன: மதுவோடு உணவு தந்தால் மது அறுப்பு, வெறும் தண்ணீரோடு தந்தால் தண்ணீர் அறுப்பு, ஒன்றுமே தராவிட்டால் பசி அறுப்பு. இந்த மூன்றாவது பெயரை எழுதி வைத்த எழுத்தருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வராதவருக்கு அபராதம் உண்டு என்ற நிலையில் பெயரளவில் மட்டும் எஞ்சிய வேண்டுகோள் எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

நிலப்பிரபுக்களும் வரி கட்டினார்களா?

கட்டினார்கள். அவர்களும் மேலே ஒருவரிடமிருந்து நிலம் பெற்றவர்களே. நிலத்துக்கு ஈடாகப் போர்ச்சேவை செய்ய வேண்டும். செய்யாதவர் கொடுக்கும் பணம் 'ஸ்கூட்டேஜ்', கேடயம் என்று பொருள்படும் 'ஸ்கூட்டும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1159இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி துலூஸ் மீது படையெடுத்தபோது ஒரு வீரருக்குரிய நிலத்துக்கு 2 மார்க் வீதம் வாங்கினார். (மார்க் என்பது நாணயமன்று, கணக்கு அலகு, பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு.) விருப்பமில்லாமல் வரும் பிரபுவைவிட அவர் பணத்தில் அமர்த்தும் கூலிப்படை அரசருக்கு உபயோகமாக இருந்தது. ஜான் மன்னர் தம் ஆட்சியில் 11 முறை இதை வாங்கினார். 1214இல் வீதம் 3 மார்க் ஆயிற்று.

தந்தை இறந்து மகன் நிலத்தை ஏற்கும்போது கட்டுவது 'ரிலீஃப்'. இன்று நிவாரணம் என்று நாம் அறியும் இச்சொல்லின் வேர்ப்பொருள் 'மீண்டும் தூக்கி எடுத்தல்'. உரியவர் இறந்ததும் நிலம் கீழே விழுந்துவிடுகிறது, வாரிசு அதைப் பணம் கொடுத்துத் தூக்கி எடுக்கிறார் என்பது அன்றைய சட்டக் கற்பனை. எவ்வளவு என்பதுதான் சிக்கல். 1205இல் நிக்கோலஸ் டி ஸ்டட்வில் என்ற பிரபுவிடம் ஜான் 10,000 மார்க் கேட்டார், அதைக் கட்டித் தீர்ப்பது நடக்கக்கூடிய காரியமன்று. 1215இல் ஜான் ஏற்றுக்கொண்ட உரிமைப் பட்டயமான மாக்னா கார்ட்டா தன் இரண்டாம் பிரிவிலேயே இதற்கு எல்லை கட்டியது: பெரும் பிரபுவின் வாரிசுக்கு 100 பவுண்டு, வீரரின் வாரிசுக்கு அதிக அளவாக 100 ஷில்லிங். 12ஆம் பிரிவு, நாட்டின் பொது ஆலோசனையின்றி ஸ்கூட்டேஜும் எய்டும் கேட்கக் கூடாது என்றது. அரசர் சிறைப்பட்டால் மீட்க, மூத்த மகனை வீரராக்க, மூத்த மகளை ஒருமுறை மணமுடிக்க ஆகிய மூன்று தருணங்களுக்கு மட்டும் விலக்கு. முதல் தருணம் வெறும் எழுத்தன்று. 1193இல் சிறைப்பட்டிருந்த முதலாம் ரிச்சர்டை மீட்க 1,50,000 மார்க் கேட்கப்பட்டது. வருவாயிலும் அசையும் பொருளிலும் நான்கில் ஒரு பங்கு வாங்கினார்கள், சிஸ்டர்சியத் துறவிகளின் அவ்வாண்டுக் கம்பளி முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள்.

'ஹெரியட்' என்பது இறந்தவர் வீட்டு மாட்டைப் பிடித்துச் செல்வதா?

பிற்காலத்தில் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் பெயருக்குப் 'படைக்கலம்' என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் 'ஹெரெ' என்றால் படை. 'கெயாட்வெ' என்றால் உபகரணங்கள். தலைவர் தம் வீரனுக்குக் குதிரையும் ஆயுதமும் கொடுத்து வைப்பார். வீரன் இறந்தால் அவை திரும்ப வேண்டும். க்னூட் மன்னரின் 11ஆம் நூற்றாண்டுச் சட்டம் பெரும் பிரபு ஒருவர் இறந்தால் வர வேண்டியவற்றை வரிசையிடுகிறது: சேணமிட்ட 4 குதிரைகளும் சேணமில்லாத 4 குதிரைகளும், 4 தலைக்கவசங்கள், 4 இரும்பு வலைச் சட்டைகள், 8 ஈட்டிகள், 8 கேடயங்கள், 4 வாட்கள், 200 மான்கஸ் (அக்கால மதிப்பு அலகு) பொன்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் இந்த வழக்கம் உழவர் குடிசைக்குள் நுழைந்தது. உழவரிடம் பிரபு எந்த ஆயுதமும் கொடுத்து வைத்ததில்லை. ஆனாலும் குடும்பத் தலைவர் இறந்த வீட்டில் சிறந்த கால்நடை பிரபுவுக்கு என்றாயிற்று. அடுத்த சிறந்ததைக் கோயில் குரு எடுத்துக்கொண்டார். உழைக்கும் கையும் உழும் மாடும் ஒரே வாரத்தில் போய்விட்ட வீடு எப்படி மீளும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுப்பது என்ற நியாயம் செத்துப் பெயர் மட்டும் அதிகாரத்துக்குத் துணை நின்ற நிகழ்வுகளில் இதைவிடக் கொடியதை நான் காணவில்லை. 1348-49 பெருங்கொள்ளை நோயில் ஒரே வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழ, பண்ணைகளில் இப்படி வந்து சேர்ந்த கால்நடைகள் பெருகின. சட்டப்படி இந்த உரிமைக்கு முடிவு கட்டியது 1922ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம்தான்.

'செத்த கை' என்ற பெயரில் ஓர் உரிமை இருந்ததா?

இருந்தது. பிரெஞ்சில் 'மேன்மோர்ட்'. பண்ணையடிமையின் கைக்குத் தன் சொத்தை வாரிசுக்குக் கொடுக்கும் ஆற்றல் இல்லை, ஆகவே அது செத்த கை என்பது கருத்து. ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழும் பிள்ளைகள் இல்லாவிட்டால் சொத்து பிரபுவுக்குப் போகும். பதினாறாம் லூயி 1779 ஆகஸ்டில் அரச நிலங்களில் இதை நீக்கினார். பிரபுக்களின் நிலங்களில் அது தொடர்ந்தது.

மணப்பெண்ணின் 'முதல் இரவு' பிரபுவுக்கு உரியது என்று கேள்விப்படுகிறோமே?

அப்படியொரு சட்ட உரிமை இடைக்கால ஐரோப்பாவில் நடைமுறையில் இருந்ததற்கு நம்பத்தகுந்த ஆவணம் இல்லை. பின்வந்த நூற்றாண்டுகள் பரப்பிய கதை அது. உண்மையில் இருந்தது பணம். பண்ணையடிமை தன் மகளை மணமுடித்துக் கொடுக்கப் பிரபுவின் அனுமதிக்குக் கட்டியது இங்கிலாந்தில் 'மெர்செட்'. வேறு பிரபுவின் எல்லைக்குள் மணம் செய்தால் கட்டியது பிரான்சில் 'ஃபோர்மரியாஜ்', அதாவது வெளிமணம். மணமாகாத பெண் உறவு கொண்டால் விதித்த அபராதத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் 'படுத்ததற்கான தண்டம்' என்றே பெயர். கதையை மறுத்துவிட்டதால் உண்மை மென்மையாகிவிடாது: ஒரு பெண் வெளியே போனால் அவளுக்குப் பிறக்கும் உழைக்கும் கைகளும் போய்விடும் என்ற கணக்குதான் இவ்வரிகளின் அடிப்படை.

மாவரைக்கவும் ரொட்டி சுடவும் வரி இருந்தது எப்படி?

'பான்' என்ற பழைய பிராங்கியச் சொல்லுக்கு ஆணை, பறைசாற்றல் என்று பொருள். ஆணையிடும் உரிமை பெற்ற பிரபு, என் ஆலையில்தான் அரைக்க வேண்டும், என் அடுப்பில்தான் சுட வேண்டும், என் செக்கில்தான் திராட்சை பிழிய வேண்டும் என்று அறிவித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். இவை 'பனாலிட்டே' எனப்பட்டன. ஊர்மக்கள் அனைவரும் பயன்படுத்தும் அடுப்பு 'பனால்' அடுப்பு. அதிலிருந்தே 'பனால்' என்ற சொல் எல்லார்க்கும் பொதுவானது என்றும், பின் சாரமற்றது என்றும் பொருள் மாறிப் போயிற்று.

இந்த வரிக்கு எதிரி கைத்திருகை. வீட்டில் திருகை இருந்தால் ஆலைக்குப் போக வேண்டியதில்லை. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் நடந்தது இதற்குச் சான்று. வானியல் கடிகாரம் அமைத்த அறிஞராகப் புகழ்பெற்ற மடத்தலைவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட், 1330களின் தொடக்கத்தில் நகர மக்களின் திருகைகளைப் பறித்து, அந்தக் கற்களை மடத்தின் தரையில் பதித்தார். வருவோர் போவோர் காலடியில் அவை அரை நூற்றாண்டு கிடந்தன. 1381 குடியானவர் எழுச்சியில் நகர மக்கள் மடத்துக்குள் புகுந்து தரையைப் பெயர்த்தெடுத்து, கற்களை உடைத்து, கோயிலில் அருள்ரொட்டியைப் பகிர்வதைப்போல ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள். அம்மடத்துத் துறவியான தாமஸ் வால்சிங்ஹம் சினத்தோடுதான் இதைப் பதிவு செய்தார். ஆனால் ஐம்பதாண்டு கழிந்தும் தங்கள் பாட்டனாரின் திருகை எந்தத் தரையில் கிடக்கிறது என்று ஊர் மறக்கவில்லை என்பதை அவர் எழுத்தே நமக்குச் சொல்கிறது.

விளைச்சலில் பங்கு வாங்கியவை எவை?

திருச்சபையின் பங்கு ஆங்கிலத்தில் 'டைத்', பிரெஞ்சில் 'தீம்'. இரண்டும் பத்தில் ஒன்று என்ற எண்ணுப் பெயர்களே. பிராங்கிய மன்னர் சார்லமேன் 779இல் பிராங்கிய நாட்டில் இதைக் கட்டாயமாக்கினார். பெயர் பத்தில் ஒன்று என்றாலும் பல ஊர்களில் அதற்கும் குறைவாகவே வாங்கப்பட்டது. பிரபுவின் பங்கு 'ஷாம்பார்', 'வயலின் பங்கு' என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். இதைக் கட்டுக்கட்டாக வயலிலேயே எண்ணி எடுப்பார்கள். எண்ண வரும் ஆள் வரும்வரை உழவர் தம் கதிரைத் தொடக் கூடாது. மழை வந்தாலும் காத்திருக்க வேண்டும். தொகையைவிட இந்தக் காத்திருப்பே அதிக வெறுப்பைச் சம்பாதித்தது.

ஜெர்மானிய ஊர்களில் வீட்டுக்கொரு கோழி வாங்கும் வழக்கம் இருந்தது. அடுப்புப் புகையும் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்பதால் அதன் பெயர் 'புகைக்கோழி'.

உப்பு வரிக்கு 'கபெல்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அரபியிலிருந்து. வரி வசூலை ஒப்பந்தமாக ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும் 'கபாலா' என்ற சொல் இத்தாலிய 'கபெல்லா' வழியாகப் பிரான்சுக்கு வந்தது. ஸ்பெயினின் விற்பனை வரியான 'அல்கபாலா'வும் அதே சொல்லே. முதலில் எந்தப் பொருளின் மீதான வரியையும் இச்சொல் குறித்தது. 1341இல் ஆறாம் பிலிப் உப்பு வரியை விதித்த பின் உப்புக்கே உரியதாகச் சுருங்கிற்று.

இந்த வரி நாடெங்கும் ஒன்றாக இல்லை. பிரிட்டனி விலக்குப் பெற்றிருந்தது. தென்மேற்குப் பகுதி 1548இல் கிளர்ந்தெழுந்து, அடக்கப்பட்ட பின்னும் மொத்தத் தொகை கட்டி விடுதலை பெற்று 'மீட்கப்பட்ட நாடு' எனப்பட்டது. பாரிசைச் சூழ்ந்த 'பெரிய கபெல்' பகுதியிலோ உப்பு பல மடங்கு விலை, அதிலும் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் குறித்த அளவு உப்பைக் கட்டாயம் வாங்கியாக வேண்டும். எல்லைக்கு அப்பால் மலிவு, இப்பால் கொள்ளை விலை என்றால் கடத்தல் நடக்காமல் இருக்குமா? 'பொய் உப்பர்கள்' என்று ஆவணங்கள் சொல்லும் கடத்தல்காரர்களில் பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல் தண்டனைக்கு அனுப்பப்பட்டார்கள். சுங்கக் காவலரைக் கேலியாகக் குறிக்கும் 'கபலூ' என்ற சொல் பிரெஞ்சுப் பேச்சில் இன்றும் இருக்கிறது.

'டேன்கெல்ட்' டேனியருக்குக் கொடுத்த கப்பம்தானா?

தொடக்கம் அதுவே. 991இல் இங்கிலாந்தின் மால்டனில் நடந்த போருக்குப் பின் 10,000 பவுண்டு கொடுத்துக் கடற்படையெடுப்பாளரை அனுப்பினார்கள். 1012இல் 48,000 பவுண்டு. அவ்வாண்டு முதல் கூலிக்கு அமர்த்திய டேனியக் கப்பல்படைக்குச் சம்பளம் தர 'ஹெரெகெல்ட்', படைப்பணம், என்ற ஆண்டு வரியும் தொடங்கிற்று. 1051இல் எட்வர்டு மன்னர் அதை நிறுத்தினார். 'டேன்கெல்ட்' என்ற பெயர் வழக்குக்கு வந்தது 1066க்குப் பிறகே. நார்மானிய அரசர்கள் நிலவரியை மீண்டும் வாங்கினார்கள். டேனியர் வராவிட்டாலும் பெயரில் டேனியர் இருந்தார்கள். கடைசியாக வாங்கியது 1162இல்.

கட்டியவர்களே பெயர் வைத்த வரி உண்டா?

'மால்டோட்'. கெட்ட பறிப்பு என்று பொருள். அதுவரை கம்பளி மூட்டை ஒன்றுக்கு 6 ஷில்லிங் 8 பென்னியாக இருந்த சுங்கத்தை முதலாம் எட்வர்டு 1294இல் ஒரேயடியாக 40 ஷில்லிங்காக உயர்த்தினார். வணிகர்கள் கொள்முதல் விலையைக் குறைக்க, அடி ஆடு வளர்ப்போர் மேல் விழுந்தது. 1297இல் மன்னர் அதைக் கைவிட்ட ஆவணத்திலேயே இப்பெயர் இடம்பெற்றது; மக்கள் வைத்த பெயரை அரசும் எழுத நேர்ந்தது.

இவை எப்போது முடிந்தன?

இங்கிலாந்தில் பிரபுக்களின் போர்ச்சேவைக் கடமைகளும் அவற்றோடு ஒட்டிய ரிலீஃப், எய்ட் போன்றவையும் 1660இல் சட்டப்படி நீக்கப்பட்டன. அரசருக்கு ஏற்பட்ட இழப்பை மது முதலியவற்றின் மீதான வரி ஈடுசெய்தது. நிலமுடையோர் இறக்கிய சுமை குடிப்போர் அனைவர் மேலும் ஏறியது என்பதே அதன் சாரம்.

பிரான்சில் 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களே எழுந்து தம் உரிமைகளைத் துறந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அடுத்த நாட்களில் எழுதிய ஆணை ஒரு பிரிவினை செய்தது: மனிதரின் அடிமைத்தனத்திலிருந்து பிறந்தவை ஈடின்றி ஒழிந்தன; நிலத்திலிருந்து பிறந்தவற்றைக் குடியானவர் விலை கொடுத்து மீட்க வேண்டும். கிராமங்கள் இதை ஏற்கவில்லை. பல ஊர்களில் கட்ட மறுத்தார்கள், உரிமைப் பத்திரங்களை எரித்தார்கள். 1793 ஜூலை 17 ஆணைதான் அனைத்தையும் ஈடின்றி ஒழித்தது. கபெல் 1790இல் நீங்கி 1806இல் நெப்போலியனால் வேறு வடிவில் திரும்பியது.

இன்றும் வழங்கும் பெயர்கள் எவை?

பிரான்சின் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் 'பேயாஜ்' என்று எழுதியிருக்கும். கால் வைக்கும் உரிமைக்கான இடைக்காலக் கட்டணத்தின் பெயர் அது. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் இலையுதிர்காலத்தில் பன்றிகளை மேயவிடும் உரிமை 'பானேஜ்' என்ற பழைய பெயரோடு நீடிக்கிறது. நகருக்குள் வரும் சரக்கின் மீது வாங்கும் 'ஆக்ட்ராய்', நகரங்களுக்கு அரசர் அளித்த 'அனுமதி' என்ற பிரெஞ்சுச் சொல்; ஆங்கிலேயர் வழியே இந்திய நகராட்சிகளுக்கும் வந்து, மும்பையில் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது நீங்கியது.